கோசுமெல், கிராண்ட் கேமன்: ஒரு பகல் கரையில் எந்த எக்ஸ்கர்ஷன்?

அலைவாசி:
வணக்கம். ஜூலை கடைசி வாரம் மயாமியிலிருந்து கிளம்பும் க்ரூஸ். இரண்டு நிறுத்தங்களுக்கு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கோசுமெல் (மெக்சிகோவின் ஒரு தீவு) செவ்வாய் காலை 8 முதல் மாலை 5 வரை. கிராண்ட் கேமன் (கரீபியன் தீவு) மறுநாள் காலை 7 முதல் மதியம் 3 வரை. மொத்தம் ஆறு பேர்: நாங்கள் இருவர், பிள்ளைகள் (12, 8), அப்பா (72), அம்மா (68). அம்மாவுக்கு முழங்கால் வலி. பெரியவர்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. எல்லோரும் சைவம்.

மாயன் கோயில் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கப்பல் கம்பெனியின் எக்ஸ்கர்ஷன் (கரைப் பயணம்) பட்டியலில் துலும் (பெருநிலத்தில்), சான் கெர்வாசியோ (கோசுமெல் தீவிலேயே) என்ற மாயன் இடங்கள் இரண்டும் இருக்கின்றன. பெருநிலத்தில் உள்ள புகழ்பெற்ற மாயன் நகரமான சீச்சேன் இட்சாவைக் காணோம். வெளி ஆட்களிடம் பதிவு செய்தால் விலை நன்றாகவே குறைகிறது. ஆனால் "வெளியில் போனால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும்" என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

கணக்கன்:
உண்மைதான், ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. கப்பலிலேயே பதிவு செய்த பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலை வந்தால் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் செலவு. வெளியில் பதிவு செய்தால் இரண்டுமே கிடையாது. விமானம், ஓட்டல், ஆவணம் எல்லாம் உங்கள் பாடு.

அதனால் "கப்பலா, வெளியாரா" என்று தொடங்காதீர்கள். நடுவில் இன்னொரு படகு இருக்கிறதா என்று கேளுங்கள். தீவுக்குள்ளேயே முடிகிற பயணத்தில் டயர் பஞ்சரானாலும் வேறு டாக்சி பிடித்துத் துறைக்கு வந்துவிடலாம். கோசுமெலிலிருந்து ஃபெர்ரி ஏறி மெக்சிகோவின் பெருநிலத்துக்குப் போய்விட்டால், திரும்பி வருவதற்கும் அந்த ஃபெர்ரியைத்தான் நம்ப வேண்டும்.

துலுமைத் தனியாகப் போய்ப் பார்த்தால் நேரம் எப்படிப் போகும் என்று கப்பல் நேரத்தில் சொல்கிறேன். 8:00க்குக் கப்பல் துறையில் வந்து நிற்கும். அதிகாரிகள் அனுமதி, லிஃப்ட் கூட்டம் எல்லாம் தாண்டி ஆறு பேர் வெளியே வர 8:45. டாக்சியில் ஃபெர்ரி நிலையம், டிக்கெட், வரிசை. கிடைக்கக்கூடியது 10:00 ஃபெர்ரி. கடலில் 45 நிமிடம். மறுகரையில் உள்ள பிளாயா தெல் கார்மெனில் வேன் பிடித்து 65 கிலோமீட்டர் போனால் 11:50. வாயில், சீட்டு, உள்ளே நடை என்று 12:15. ஒன்றேகால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வேனுக்குத் திரும்ப 2:00. பிளாயாவில் 3:00. அந்த மூன்று மணி ஃபெர்ரி கண்ணெதிரே கிளம்பிவிட்டால் அடுத்தது ஏறத்தாழ 4:00. கோசுமெலில் இறங்கும்போது 4:45. உங்கள் ஆல் அபோர்டு, அதாவது எல்லோரும் கப்பலில் ஏறிவிட வேண்டிய கெடு, 4:30 ஆக இருக்கும். எங்கும் நெரிசல் இல்லாத நாளிலேயே கணக்கு இப்படித்தான் வருகிறது.

சீச்சேன் இட்சா பட்டியலில் இல்லாததற்கும் காரணம் இதுதான். பிளாயாவிலிருந்து அங்கே ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம். ஒன்பது மணி நேர நிறுத்தத்தில் அது முடியாது. வெளியில் யாராவது "முடியும்" என்று விற்றால் வாங்க வேண்டாம்.

தென்றல்_டாலஸ்:
கணக்கன் சொன்ன கணக்கோடு கடிகாரத்தையும் சேர்க்க வேண்டும். கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கிறது. கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மயாமி மாற்றும். எனவே குளிர்காலத்தில் மயாமியும் கோசுமெலும் ஒரே நேரம். ஜூலையில் கோசுமெல் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், ஆல் அபோர்டு 4:30 என்பது கரையில் 3:30. கரைக்கு வந்ததும் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறி 3:30 காட்டும். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே" என்று உட்கார்ந்திருப்பவர்களைத்தான் கப்பல் விட்டுப் போகிறது.

கால்வெஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் கப்பல்களுக்கு இது தலைகீழ். கோடையில் கோசுமெலும் அவையும் ஒன்று, குளிர்காலத்தில் கோசுமெல் ஒரு மணி முன்னால். அங்கே ஏமாந்தால் சீக்கிரம் வந்து சேர்வீர்கள், நஷ்டமில்லை. மயாமி கோடைப் பயணம்தான் ஆபத்து. சில கேப்டன்கள் கப்பல் நேரத்தையே உள்ளூருக்கு மாற்றிவிடுவார்கள். முந்தின இரவு வரும் அறிவிப்பிலும் இறங்கும் வழியில் வைக்கும் பலகையிலும் அது இருக்கும். கைபேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள். சாதாரண முள் கடிகாரம் ஒன்றைக் கப்பல் மணிக்கு வைத்து அப்பா கையில் கட்டிவிடுவது அதைவிட நல்லது.

கிராண்ட் கேமனிலும் இதே நிலைதான். அவர்களும் கடிகாரம் மாற்றுவதில்லை.

நடைவழி:
அம்மாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் துலும் அவருக்கு வேண்டாம். வண்டி நிறுத்தத்திலிருந்து இடிபாடுகள் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், உள்ளே சுற்றுவது தனி. மரநிழல் மிகக் குறைவு, ஜூலை வெயில் சுண்ணாம்புக் கல்லில் பட்டு முகத்தில் அடிக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஃபெர்ரி ஆட்டம் வேறு.

சான் கெர்வாசியோ கோசுமெல் தீவின் நடுவிலேயே இருக்கிறது. துறையிலிருந்து வண்டியில் அரை மணி நேரத்துக்குள். பாதை பெரும்பாலும் சமதளம், மரங்களுக்கு இடையே போகிறது. ஆனால் கல்லும் வேரும் துருத்திக்கொண்டிருக்கும். செருப்பு போதாது, பிடிப்புள்ள ஷூவும் ஒரு கைத்தடியும் தேவை. முதல் கட்டடத் தொகுதி நுழைவாயிலிலிருந்து கிட்டத்தில். அம்மா அதை மட்டும் பார்த்துவிட்டு நிழலில் உட்காரலாம், மற்றவர்கள் தூரத்துக் கட்டடங்களுக்குப் போய் வரலாம்.

அப்பாவிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். வானளாவிய பிரமிடு அங்கே இல்லை. சில மேடைகள், சிறு கோயில்கள், சாக்பே என்ற வெண்சாலையின் மேல் நிற்கும் ஒரு கல் வளைவு, சுவரில் சிவப்புக் கைத்தடங்கள் இருந்ததால் 'லாஸ் மானிடாஸ்' என்று பெயர் வந்த ஒரு வீடு. ஆனால் இடத்தின் வரலாறு பெரியது. பிள்ளைப்பேறு, மருத்துவம், நிலவு ஆகியவற்றுக்கு உரிய இஷ்செல் என்ற தெய்வத்தை வழிபட, பெருநிலத்துப் பெண்கள் படகில் கடல் தாண்டி இங்கே வந்தார்கள். 1519இல் எர்னான் கோர்தேஸ் மெக்சிகோவுக்கு வந்தபோது முதலில் கால் வைத்ததும் இந்தத் தீவில்தான். வாயிலில் வழிகாட்டி கிடைப்பார், கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் பார்த்தால் கற்குவியலாகத்தான் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. கொசு அதிகம், ஜூலையில் இன்னும் அதிகம். முழுக்கை, முழுக்கால் உடை, கொசு மருந்து வேண்டும். நுழைவுக் கட்டணத்தை இரண்டு தனித்தனிச் சீட்டாக வாங்குவார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம், ஒன்று உள்ளூர்ப் பூங்கா நிர்வாகத்துக்கு, மற்றது தொல்லியல் துறைக்கு. மெக்சிகோ பணமான பெசோவாகக் கையில் வைத்திருங்கள்.

கடல்புறா:
துலும் அவ்வளவு பயப்படும் இடம் இல்லை என்பது என் கருத்து. மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் செங்குத்துப் பாறை, கீழே நீலக்கடல். கடலுக்கு மேல் நிற்கும் மாயன் நகரத்தை வேறெங்கே பார்ப்பது? அப்பாவின் ஆசைக்கு ஈடு கொடுப்பது துலும்தான். எட்டு மணிக்கே இறங்கி ஓடினால் 9:00 ஃபெர்ரியைப் பிடித்துவிடலாம்.

கணக்கன்:
கடல்புறா, தனி ஆளாக, இளவயதாக, ஊர் நடுவில் உள்ள புன்டா லாங்கோஸ்டா துறையில் கப்பல் நின்றால் பிடிக்கலாம். அங்கிருந்து ஃபெர்ரி நடந்து போகும் தூரம். சர்வதேசத் துறையோ புவேர்டா மாயாவோ என்றால் ஃபெர்ரி நிலையம் நான்கைந்து கிலோமீட்டர் வடக்கே. மூன்று துறைகளில் எதில் கட்டப்போகிறார்கள் என்று பதிவுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தவிர, காற்று பலமானால் துறைமுக அதிகாரி ஃபெர்ரியை நிறுத்திவிடுவார். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் 'நோர்தே' காற்றும், கோடையில் இடிமழையும் புயல் சின்னமும் அதைச் செய்யும்.

அலைவாசி, அப்பாவுக்குத் துலும்தான் வேண்டுமென்றால் குடும்பத்தைப் பிரித்துவிடுங்கள். அப்பாவும் 12 வயதுப் பிள்ளையும் நீங்களும் கப்பலிலேயே துலும் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். மற்ற மூவரும் தீவில் இருக்கட்டும். ஆறு பேரும் எல்லா நேரமும் ஒன்றாகவே போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதால்தான் பல குடும்பங்களின் கரை நாள் பாழாகிறது. அப்பாவுக்கு வாந்தி வரும் உடம்பு என்றால் ஃபெர்ரி ஏற ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட வேண்டும். ஆட ஆரம்பித்த பின் போட்டால் பயன் குறைவு. பிராஸ்டேட், கண் அழுத்தம் இருந்தால் எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பவளத்திட்டு:
கடல் பக்கத்தை நான் சொல்கிறேன். கோசுமெலின் மேற்குக் கரை அமைதி, கிழக்குக் கரை திறந்த கடல். கிழக்கே போகும் சாலை அழகு. வண்டியை நிறுத்திப் படம் எடுங்கள், தண்ணீரில் இறங்க வேண்டாம். அலையின் கீழே இழுப்பு இருக்கிறது, உயிர்காப்பாளர் பெரும்பாலான இடங்களில் இல்லை. அந்தப் பக்கம் மின்கம்பியே போகவில்லை. உணவகங்கள் ஜெனரேட்டர், சூரிய மின்சாரத்தில் ஓடுகின்றன. கையில் ரொக்கம் வேண்டும்.

ஜூலையில் சர்காசோ என்ற பழுப்புக் கடற்பாசி மிதந்து வந்து கரையொதுங்கும். 2011 முதல் கரீபியனுக்கு இது பெரிய தொல்லை. ஒதுங்கி அழுகினால் முட்டை அழுகிய வாடை. அது கிழக்கு நோக்கிய கரைகளைத்தான் அடிக்கிறது: துலும் கடற்கரை, கோஸ்டா மாயா, கோசுமெலின் கிழக்கு. கோசுமெலின் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும். "துலும் இடிபாடும் கடற்கரைக் குளியலும்" என்று சேர்த்து விற்கும் பயணத்தை ஜூலையில் எடுக்காதீர்கள். குளியல் பாதி வீணாகலாம்.

பிள்ளைகளுக்கு ஸ்நார்க்கெல் (முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) வேண்டுமென்றால், கோசுமெலின் நீரோட்டத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். பாறைத்திட்டுகளின் மேல் ஆறு போல ஓடும். படகில் போகும் பயணங்களில் உங்களை ஓரிடத்தில் இறக்கி, ஓட்டத்தோடு மிதக்கவிட்டு, படகு பின்தொடர்ந்து வேறிடத்தில் ஏற்றிக்கொள்ளும். எட்டு வயதுக்கு அது அதிகம். கயிறு கட்டி எல்லை போட்ட கடற்கரை கிளப்போ, சாங்கனாப் பூங்காவோ போதும். பூங்காக்கள் ஞாயிறன்று மூடும் வழக்கம் உண்டு. உங்களுக்குச் செவ்வாய் என்பதால் சிக்கல் இல்லை.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியது: 25 கிலோ பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் அளவு இருக்கிறதா? கால்களுக்கு நடுவே போகும் பட்டை உண்டா? பட்டை இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் இறங்கியதும் மேலேறி முகத்தை மூடும், பிள்ளை மிரண்டுவிடும். முகமூடியை வீட்டிலேயே வாங்கி, கப்பல் ஏறும் முன் நீச்சல் குளத்தில் பழக்குங்கள். புது முகமூடியின் கண்ணாடியில் உற்பத்தியில் படிந்த படலம் இருக்கும். பற்பசை தேய்த்துக் கழுவாவிட்டால் ஓயாமல் பனிமூட்டம் போடும்.

1996இல் இருந்து கோசுமெலின் அந்தப் பவளத்திட்டுகள் தேசியக் கடற்பூங்கா. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் கிரீம் பவளத்துக்குக் கேடு. துத்தநாக ஆக்சைடு கிரீம் முகத்துக்கு மட்டும், உடம்புக்கு முழுக்கை நீச்சல் சட்டை. சான் கெர்வாசியோவில் பூசிய கொசு மருந்தைக் குளித்துவிட்டுக் கடலில் இறங்குங்கள். எல் சியேலோ மணல்திட்டில் நட்சத்திர மீன் கிடக்கும்; படத்துக்காகத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் அது செத்துப்போகலாம். 2019இல் அந்தப் பகுதியையே சில வாரங்கள் மூடிவைத்தார்கள். பிள்ளைகளிடம் இதைப் படகு ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கு அட்லாண்டிஸ் நீர்மூழ்கி இருக்கிறது. 100 அடி ஆழம் வரை போகும், உடை நனையாது. ஆனால் உள்ளே இறங்க ஏணி. அம்மாவால் முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கண்ணாடித் தளப் படகு.

மிளகுரசம்:
சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. "மதிய உணவு உண்டு, சைவமும் உண்டு" என்று பயண விவரத்தில் இருந்தால் நம்பிவிடாதீர்கள். அங்கே வழக்கமாக வரும் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கும். டார்டியா என்ற மெல்லிய ரொட்டியைக் கோதுமையில் செய்தால் அதிலும் கொழுப்பு இருக்கலாம். சோள டார்டியாவில் பெரும்பாலும் இராது. "சின் கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம். அதோடு நிறுத்தினால் கோழியும் மீனும் வந்துவிடும், அவர்கள் பேச்சில் கார்னே என்பது பெரும்பாலும் மாடு, பன்றிதான். "சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மாந்தேகா, சின் கால்தோ தே போயோ" என்று கோழி, மீன், கொழுப்பு, கோழிச்சாறு நான்கையும் சொல்ல வேண்டும். ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

நிச்சயமாகக் கிடைப்பது குவாகமோலே (அவகாடோ மசியல்), சோள வறுவல், பழம், பாலாடைக்கட்டி வைத்து மடித்த சோள டார்டியாவான கெசடியா. சமைத்த உணவு, பழம், சாண்ட்விச் போன்றவற்றைக் கப்பலிலிருந்து கரைக்கு எடுத்துப் போக விடமாட்டார்கள். ஆலை உறையோடு பிரிக்காத பிஸ்கட், கடலைமிட்டாய் பொதுவாகப் பரவாயில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இந்தப் பிஸ்கட்டை எடுத்துப் போக மறக்க வேண்டாம்.

அலைவாசி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவையும் அப்பாவையும் பிரிக்க மனசில்லை. அப்பாவிடம் பேசினேன், சான் கெர்வாசியோ போதும் என்கிறார். தனி வேன் பேசிக்கொள்ளலாமா? பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போவதா? கேமனில் திருக்கை மீன் பயணம் பெரியவர்களுக்குச் சரிவருமா?

நடைவழி:
வேன் நல்லது. கோசுமெல் டாக்சிகளில் மீட்டர் இல்லை, இடத்துக்கு இடம் நிர்ணயித்த கட்டணம், அதுவும் நான்கு பேர் வரைக்கும். ஆறு பேர் என்றால் இரண்டு வண்டி அல்லது வேன். ஏறும் முன் மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: தொகை வண்டிக்கா ஆளுக்கா, டாலரா பெசோவா, காத்திருக்கும் நேரம் சேர்த்தா. வாய்க்கணக்கு வேண்டாம், கைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டி அவர் தலையாட்டிய பிறகு ஏறுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவார்கள். பிள்ளைகளோடு அந்த எண்ணமே வேண்டாம்.

பாஸ்போர்ட்: நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசாவோடு போகிறீர்கள் என்றால், அது கடற்கரையில் தொலைந்தால் விசாவும் சேர்ந்து போகும். தீவுக்குள் மட்டும் சுற்றுவதற்கு அசல் அறைப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். கப்பல் அட்டை, அரசு புகைப்பட அடையாள அட்டை, பாஸ்போர்ட் மற்றும் விசாப் பக்கங்களின் நகல் போதும். துறைமுக முகவரின் தொலைபேசி எண் தினசரி அறிவிப்புத்தாளில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது தவறவிட்டால், கப்பல்காரர்கள் அறைப் பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அந்த முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம்.

பவளத்திட்டு:
கேமனில் பெரிய கப்பல் வந்து நிற்கத் துறை இல்லை. அப்படி ஒரு துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே ஜார்ஜ் டவுனுக்கு வெளியே நங்கூரமிட்டு, டெண்டர் எனும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலை எழும்பினால் அந்த நிறுத்தமே ரத்தாகும். வெளியில் பதிவு செய்தால் "கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று எழுத்தில் வாங்குங்கள். கப்பல் பயணம் எடுத்தவர்களுக்கு டெண்டரில் முன்னுரிமை. மற்றவர்களுக்கு எண் சீட்டு. 7 மணிக்கு நங்கூரம் என்றால் கரையில் 8:30க்கு முன் எதையும் பேசி வைக்க வேண்டாம். திரும்ப வருவதற்குக் கடைசி டெண்டர் எத்தனை மணி என்பதுதான் உங்கள் கெடு, 3 மணி அல்ல.

திருக்கைகள் கூடும் ஸ்டிங்ரே சிட்டி மணல்திட்டில் தண்ணீர் மூன்று முதல் ஐந்து அடி. லைஃப் ஜாக்கெட்டோடு பெரியவர்களும் நிற்கலாம். எட்டு வயதுக்குச் சில இடங்களில் கால் எட்டாது, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். முன்பு மீனவர்கள் அங்கே மீனைக் கழுவிக் கழிவைப் போட்டதால் பழகிய திருக்கைகள் அவை. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள். அடியில் படுத்திருப்பது விலகிப் போகும். முள் வால் தொடங்கும் இடத்தருகே இருக்கிறது, வாலைத் தொடக்கூடாது. தண்ணீருக்கு வெளியே தூக்குவது சட்டப்படி குற்றம்.

அம்மாவுக்குப் படகைப் பற்றிக் கேளுங்கள்: மேலே கூரை உண்டா, ஏணிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டா, கழிப்பறை உண்டா. நாற்பது பேர் படகைவிடப் பதினைந்து பேர் படகு மேல். அன்றைக்கு எத்தனை கப்பல் வருகிறது என்று துறைமுக நாட்காட்டியில் பாருங்கள். நான்கைந்து என்றால் திட்டில் காலூன்ற இடம் இருக்காது, முதல் படகில் போய்விட வேண்டும். விலைப்பட்டியல் கேமன் டாலரில் இருக்கும். 10 என்று போட்டிருந்தால் கடையில் 12.50 அமெரிக்க டாலர் வாங்குவார்கள்.

அலைவாசி:
கோசுமெல் திட்டம் இப்படி: 9:15 வேன், 9:45 சான் கெர்வாசியோ, 11:30 கிழக்குச் சாலையில் ஒரு நிறுத்தம், 12:30 முதல் 3:45 வரை மேற்குக் கரையில் கடற்கரை கிளப், 4:00 துறை. எல்லாம் கப்பல் நேரம். சரியா?

கணக்கன்:
காலை சரி. சான் கெர்வாசியோ உள்ளூர் 8 மணிக்குத் திறக்கும், அது கப்பல் நேரம் 9. கிளப்பிலிருந்து 3:45 தாமதம், 3:00 ஆக்குங்கள். பிற்பகலில் மூன்று நான்கு கப்பல் கூட்டமும் ஒரே கடற்கரைச் சாலையில் திரும்பும். துறை வாசலில் பாதுகாப்பு வரிசை வெயிலில் அரை மணி நேரம் நிற்க வைக்கும், அம்மாவுக்கு அது கஷ்டம். கிளப்பில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பவர்களைத் தேடி முன்பதிவு செய்யுங்கள்; நாச்சி கொகோம் அப்படி ஒன்று.

வேன் ஓட்டுநரிடம் நேரம் சொல்லும்போது மட்டும் கப்பல் நேரத்தில் பேச வேண்டாம். அவருக்குத் தெரிந்தது அவர் ஊர் மணி. கிளப் வாசலுக்கு "மூன்று மணிக்கு வாருங்கள்" என்றால் உங்கள் கடிகாரத்தில் நான்குக்கு வருவார். உள்ளூர் 2:00 என்று எழுதிக் கொடுங்கள்.